தனராஜின் சராசரி முயல்

அளவெடுப்போர் என்று ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. தையற்காரரையும் சர்வேயரையும் இதில் சேர்த்துவிடாதீர்கள். அவர்கள் அளந்து முடித்ததும் சட்டை தைப்பார்கள், கல் நடுவார்கள். இந்த இனம் அளந்து முடித்ததும் இன்னொரு முறை அளக்கும்.

வெதுருகுப்பத்துத் தனராஜைப் பாருங்கள். ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வருஷக்கணக்காக நட்டுகளுக்கு விட்டம் பார்த்தவர். அலுத்துப்போய் வேலையை விட்டுவிட்டு, கலப்பின முயல் பண்ணை வைத்தார். நட்டுக்கும் முயலுக்கும் என்ன வித்தியாசம்? நட்டு உதைக்காது. தனராஜ் அறிந்த வித்தியாசம் அது ஒன்றுதான்.

விடிந்ததும் ஒவ்வொரு முயலாகக் கூண்டிலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் கூடையில் உட்காரவைத்து எடை பார்த்து, மூக்கிலிருந்து வால் வரை டேப் பிடித்து, மார்புச் சுற்றளவு எடுத்து, காதை நீவி நீளம் பார்த்து, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துத் துடிப்பை எண்ணி, கடைசியில் முயல் கொஞ்சமும் எதிர்பாராத இடத்தில் தெர்மாமீட்டரைச் செருகி, எல்லாவற்றையும் போனில் ஏற்றி, திரையில் கோடு மேலே ஏறுவதைக் கண்குளிரப் பார்த்த பிறகுதான் அவருக்குக் காபி இறங்கும். முயல்களுக்குத் தீனி? அதற்கும் பிறகுதான். வயிறு நிறைந்த முயல் எடையில் பொய் சொல்லுமாம்.

நாராயணவனத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் சிட்டிபாபு ஒரு நாள் ஜோடி முயல் வாங்க வந்தார்.

"இது நல்லா துன்னுதா அண்ணா?"

"நல்லான்னா? எத்தினி கிராமு?"

"அதில்லண்ணா. சுறுசுறுப்பா கீதான்னு கேட்டேன்."

"அதுக்கு யூனிட்டு கெடையாதுப்பா."

சிட்டிபாபு கொஞ்ச நேரம் முயலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் தனராஜைப் பார்த்தார். "சரேலே அண்ணா" என்று, 'சரி விடுங்கள்' என்பதைத் தெலுங்கில் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பியவர் திரும்பி வரவில்லை.

தனராஜின் மனைவி லோயிஸ் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாளெல்லாம் தெர்மாமீட்டரும் கையுமாக இருப்பவர்தான். ஆனால் காய்ச்சல் அடித்தால் மாத்திரை கொடுத்துவிடுகிற கர்நாடகம்.

போன மே மாதம், அக்கினி வெயில் உச்சியில் நின்ற நேரம், கரண்டு போனது. தகரக் கொட்டகையில் மின்விசிறிகள் நின்றன. முயல்கள் கூண்டுகளுக்குள் காலை நீட்டிப் படுத்து, மூக்கு விடைக்க மூச்சு வாங்கின. எட்டிப் பார்த்த தனராஜுக்கு நெஞ்சு படபடத்தது. பயமா? ஆனந்தம்! கடும் வெப்பத்தில் முயலின் உடம்புச் சூடும் மூச்சும் எப்படி ஏறுகின்றன என்ற விவரம் முயல் வளர்ப்போரின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவரிடமும் இல்லை. தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு, பால் மறந்த குட்டிகள் இருந்த கோடியிலிருந்து ஆரம்பித்தார்.

அன்று லோயிஸுக்கு லீவு. கொட்டகைக்குள் வந்தவர் பதறிப்போனார்.

"ஏங்க, என்னா பண்ணிக்கினு கீறீங்க? மூச்சு வாங்குது பாருங்க!"

"அதத்தான் எண்ணிக்கினு கீறேன். பேசாத, கணக்கு விட்டுப்பூடும்."

லோயிஸ் வெளியே ஓடி, தொட்டியில் கோணிகளை நனைத்து இழுத்துவந்தார்.

"தண்ணி போடாத லோயிஸ்! ரீடிங் மாறிடும்!"

"மாறணும்னுதாங்க போடறேன்!"

"இந்த வரிசை மட்டும் முடிச்சிக்கிறேன். நீ அந்தக் கோடிலேர்ந்து வா."

லோயிஸ் அந்தக் கோடியிலிருந்து வந்தார். கூண்டுகள்மேல் ஈரக் கோணியை விரித்து, ஒவ்வொரு முயலின் காதையும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வந்தார். இந்தக் கோடியில் தனராஜ் எண்ணிக்கொண்டே போனார். அவர் கையில் சாம்பல் நிறப் பெட்டைக் குட்டி ஒன்று. பண்ணையிலேயே வேகமாக வளர்ந்த குட்டி அது, அவருடைய செல்லம். அதன் மூச்சு எக்கச்சக்கமாக ஏறி, பிறகு மெல்ல இறங்க ஆரம்பித்தது.

"லோயிஸ், கொறையுது! நார்மலுக்கு வந்துட்டுது!"

லோயிஸ் ஓடிவந்து குட்டியின் கண்ணைப் பார்த்தார்.

"வர்ல. பூட்டுது."

லோயிஸ் வந்த பக்கத்தில் எல்லாம் பிழைத்தன. தனராஜ் போன பக்கத்தில் பாதிக்குமேல் செத்துப்போயின. சாயங்காலம் கொட்டகைக்குப் பின்னால் அவரே குழி வெட்டினார். சாம்பல் குட்டியைக் கடைசியாக வைத்தபோது அழுதார். பொய்யழுகை என்று யாரும் சொல்ல முடியாது. இந்த இனத்துக்கும் கண்ணீர் உண்டு.

மறுநாள் காலை, மிச்சமிருந்த முயல்களை வழக்கம்போல் எடை போட்டார். கோடு விர்ரென்று மேலே ஏறியது. ஏறாமல் என்ன செய்யும்? செத்ததெல்லாம் குட்டிகள், இருப்பதில் பெரும்பாலும் பெரியவை. பண்ணையின் சராசரி எடை அதுவரை காணாத உயரத்துக்குப் போய்விட்டது. கை சும்மா இருக்குமா? படத்தைக் குழுவில் போட்டார். நகரியிலிருந்து தேவேந்திரன் உடனே எழுதினார்: "சூப்பர் அண்ணா! என்னா தீனி போட்டீங்க?"

டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த லோயிஸ் எட்டிப் பார்த்தார்.

"செத்ததுங்கள இதுல சேக்கலியா?"

"அது இறப்பு விகிதம். வேற கட்டம்."

லோயிஸ் டிபன் பாக்ஸை மூடிப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். தனராஜ் காலியான கூண்டுகளின் எதிரே தனியாக உட்கார்ந்தார். வாழ்த்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. நெஞ்சில் ஏதோ அடைத்தது. எழுந்துபோய் மனைவியின் பிரஷர் மெஷினை எடுத்துக் கையில் சுற்றிப் பார்த்தார். நார்மல் என்றது. ஆகவே தனக்கு ஒன்றுமில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நீங்கள் முயல் வளர்க்கவில்லை, உங்களுக்கென்ன. ஆனால் நேற்று ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு, "சுகர் எவ்ளோ? பிரஷர் எவ்ளோ?" என்று கேட்டீர்களே, இரண்டும் சரியாக இருக்கவே நிம்மதியாக வைத்துவிட்டீர்களே, அப்போது அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

என்னவென்று கேட்டீர்களா?