சம்பந்தி முன்னால் பத்துத் திருப்பம்

இந்த மாசி மாதம் எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். பனிச்சறுக்கில் பத்துத் திருப்பம், விழாமல் திரும்ப வேண்டும்.

கோட்டுச்சேரிக்காரனுக்கு எதுக்குய்யா பனிச்சறுக்கு என்று கேட்பீர்கள். நியாயம்தான். எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் காதைச் சுற்றி மப்ளர் கட்டுவதோடு சரி. ஆனால் மகள் மலர் வாக்கப்பட்டுப் போனது பிரான்சில், ஒரு மலையடிவாரத்து ஊரில். வருடத்துக்கு ஒரு முறை எனக்கும் அவள் அம்மாவுக்கும் டிக்கெட் போட்டுவிடுவாள். போனால் மலை. மலை என்றால் பனி. பனி என்றால் சம்பந்தி.

சம்பந்தியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளையின் அப்பா. பூர்வீகம் திருப்பட்டினம். பிரான்ஸ் பட்டாளத்தில் சேர்ந்து, சமையல் பிரிவில் இருந்து, பென்ஷனோடு அங்கேயே தங்கிவிட்டவர். பிரான்ஸ் பட்டாளத்துக்காரர்களை எங்கள் பக்கம் 'சொல்தா' என்பார்கள். இந்த சொல்தா துப்பாக்கி பிடித்தாரா, தெரியாது. கரண்டி பிடித்தது நிச்சயம்.

என்னைவிட எட்டு மாதம் இளையவர். இந்த எட்டு மாதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்தன்று பந்தியில் பாயசம் பரிமாறினார்கள். முதல் தடவை வாங்கிக் குடித்துவிட்டு மனுஷன் சொன்னார்: "பொண்ணைப் பெத்தவர் வந்து கேட்டாத்தான் ரெண்டாந்தடவை வாங்கிக்குவேன்."

போனேன். இலைக்கு எதிரே குனிந்தேன். "இன்னும் கொஞ்சம் வாங்கிக்கங்க சம்பந்தி" என்றேன்.

வாங்கிக் குடித்துவிட்டு, "ஏலக்காய் பத்தல" என்றார்.

பதினோரு வருடம் ஆகிவிட்டது. அன்றைக்கே முடிவு செய்தேன், இனி இந்த மனுஷன் முன்னால் குனிவதில்லை என்று. செருப்பு வார் அறுந்தால்கூட அவர் அந்தப் பக்கம் போன பிறகுதான் குனிந்து பார்ப்பேன்.

இப்போது போன வருடக் கதை. முதல் தடவையாகப் பனிச்சறுக்கில் காலை வைத்தேன். மலர் சொன்னாள், "அப்பா, முதல்ல வாத்தியார்கிட்ட கத்துக்கங்க. அப்பறம் ஏறலாம்."

"பரம்புப் பலகையில நின்ன காலு இது. எனக்கு வாத்தியாரா?" என்றேன்.

பரம்பு தெரியாதவர்களுக்கு: நடவுக்கு முன்னால் சேற்று வயலைச் சமப்படுத்த மாடுகளை விட்டு இழுக்கிற பலகை. ஆள் அதன் மேல் ஏறி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து நிற்க வேண்டும். வாலிபத்தில் நான் நின்றால் ஏழு வயல் தள்ளி இருப்பவர்கள்கூடப் பார்ப்பார்கள்.

பனியிலும் அதே மாதிரி பின்னால் சாய்ந்தேன். பரம்பிலாவது மாட்டை நிறுத்தினால் பலகை நிற்கும். இங்கே எந்த மாட்டை நிறுத்துவது? நேராகப் போனேன். தின்பண்டக் கடையில் வரிசையாக நின்றவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். கல்லாவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

சம்பந்தி கைத்தட்டவில்லை. கை கொடுக்கவும் இல்லை. இரண்டு கையிலும் போன் இருந்தது.

அன்று சாயங்காலமே வீடியோ இரண்டு வீட்டுக் குடும்பக் குரூப்பிலும் வந்துவிட்டது. 'சம்பந்திக்குப் பசி' என்று தலைப்பு வேறு.

ஊருக்கு வந்தால் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். உரக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். முடிவெட்டுகிறவர் பார்த்திருக்கிறார். என் தங்கை மகள் வளைகாப்பில், வந்தவர்களுக்குப் பொழுது போகவில்லை என்று பெரிய டிவியில் போட்டே காட்டினார்கள்!

பொறுக்க முடியாமல் சம்பந்திக்குப் போன் போட்டேன்.

"அந்த வீடியோவை எடுத்துடுங்க."

"எடுத்தா என்ன, எல்லார் போன்லயும் இருக்கே. ஒண்ணு பண்ணலாம் சம்பந்தி. அடுத்த வருஷம் வாங்க. பத்துத் திருப்பம் விழாம வந்து காமிங்க. நானே வீடியோ எடுத்துப் போடுறேன். அப்பறம் பழைய வீடியோவை எவனும் பாக்க மாட்டான்."

"வாக்கா?"

"பட்டாளத்துக்காரன் வாக்கு."

பாயசத்துக்கு ஏலக்காய் போடத் தெரிந்த பட்டாளம். சரி என்றேன்.

தை மாதம் மலர் போனிலேயே பயிற்சியெல்லாம் அனுப்பினாள். அவளுக்குத் தெரிந்த பனிச்சறுக்கு டீச்சர் சொன்னதாம். முதல் பயிற்சி: இரண்டு கையையும் முன்னால் நீட்டி, தட்டு ஏந்துகிற மாதிரி வைத்துக்கொண்டு முழங்காலை மடக்கி நிற்க வேண்டும். தட்டு சாயக் கூடாது.

தட்டு எதற்கு, தாம்பாளமே இருக்கிறதே. சீர் வைக்கிற பித்தளைத் தாம்பாளத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொண்டு கூடத்தில் இப்படியும் அப்படியும் வளைந்து நடந்தேன்.

என் வீட்டுக்காரி சரோஜா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரைப் பொண்ணு பாக்க வர்றாங்க?"

நான் இன்னொரு சுற்று போனேன். பயிற்சியில் பேசக் கூடாது.

இரண்டாவது பயிற்சிதான் எனக்கு விளங்கவே இல்லை. வலது பக்கம் திரும்ப வேண்டும் என்றால் இடது காலில் பாரத்தைப் போட வேண்டுமாம். வலது காலை லேசாகத் தூக்கிப் பழக வேண்டுமாம். போகிற பக்கத்துக் காலைத் தூக்கிவிட்டு, போகாத பக்கத்துக் காலில் நிற்பது என்ன ஞாயம்?

"அப்படித்தான்ப்பா. வெளிக்கால்ல அழுத்தினாத்தான் கட்டையோட ஓரம் பனியைக் கீறும். தடம் பூசின மாதிரி இருக்கக் கூடாது, கீறின மாதிரி இருக்கணும்" என்றாள் மலர்.

காலில் மாட்டுகிற அந்த ஸ்கீயைத்தான் நாங்கள் கட்டை என்கிறோம்.

தடம் பார்த்துப் பழகப் பனிக்கு எங்கே போவது? அறுவடை நெல்லைத் தார் ரோட்டில் காயப் போட்டிருந்தோம். காய்கிற நெல்லைக் காலால் உழப்பிக் கிளற வேண்டும். நேராக ஒரு சால், திரும்பி நேராக ஒரு சால். அதுதான் வழக்கம். நான் வெளிக்காலை அழுத்தி, உள்காலைத் தூக்கி, கையில் தாம்பாளத்தோடு பாம்பு மாதிரி வளைத்துக்கொண்டே போனேன். அருமையான தடம்!

பக்கத்து வீட்டு ஹமீது பாய் பைக்கை நிறுத்தினார். துபாயில் இருபது வருடம் இருந்தவர்.

"என்னண்ணே, நெல்லுல கோலம் போடுறீங்க?"

"பயிற்சி பாய்."

"தாம்பாளம் எதுக்கு?"

"சாயாம இருக்க."

பைக்கை மறுபடி உதைத்தார். "அண்ணிக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் சரோஜா நெல்லைப் பார்த்தாள். வளைவுக்கு உள்ளே இருந்தது காயாமல் அப்படியே கிடந்தது. "நாளைக்குப் பூராவும் நீங்களே மறுபடி கிளறுங்க. நேரா!" என்றாள்.

மாசியில் போய்ச் சேர்ந்தோம். டீச்சர் பெயர் க்ளேர். சின்னப் பெண். என்னைக் கட்டையில் ஏற்றி நிற்க வைத்து, சுற்றி வந்து பார்த்தாள். என்னவோ சொன்னாள்.

"பின்னால சாயுறீங்களாம்" என்றாள் மலர்.

"சாயலையே."

"சாயுறீங்கப்பா. உக்கார எடம் தேடுற மாதிரி இருக்காம்."

அந்தப் பரம்பு என்னை விடவில்லை. ஐந்து நாள் பாடுபட்டேன். அந்த பூட்ஸ் இருக்கிறதே, இரண்டு காலையும் பானைக்குள் விட்டு சிமெண்ட் போட்டுப் பூசின மாதிரி! கணுக்கால் அசையாது. கையில் ஊன்றுகிற கம்பு இரண்டையும் படுக்கை வாட்டில் கைமேல் வைத்து, தாம்பாளமாக நினைத்துக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் உள்காலைத் தூக்கினேன். முழங்காலை முன்னால் தள்ளினேன். முதல் நாள் பதினாலு தடவை விழுந்தேன். இரண்டாம் நாள் எண்ணவில்லை.

நான்காம் நாள் ஒரு திருப்பத்தில் சரக்கென்று ஒரு சத்தம். இதுவரை கேட்காத சத்தம். க்ளேர் கத்தினாள். பயந்து திரும்பிப் பார்த்தேன். பனியில் இரண்டு மெல்லிய கோடு. அரிவாள் நுனியால் கீறின மாதிரி.

"அதாம்ப்பா! அதான்!" என்று மலர் குதித்தாள்.

சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவன் நான். ஒரு டீச்சர் என் வேலையைப் பார்த்துக் கத்தி மகிழ்ந்தது இதுதான் முதல் தடவை.

ஆறாம் நாள் காலை சம்பந்தி வந்தார். தொப்பி, கருப்புக் கண்ணாடி, போன். சரிவின் அடியில் கட்டையெல்லாம் மாட்டாமல் சாதாரண பூட்ஸோடு நின்றுகொண்டார். பக்கத்தில் நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு சரோஜா, புடவைமேல் இரண்டு ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா.

"சம்பந்தி, இன்னைக்குக் கடையில கூட்டம் இல்ல. தைரியமா வாங்க!" என்று கீழேயிருந்து கத்தினார்.

பல்லைக் கடித்தேன். இறங்கினேன்.

தாம்பாளம். வெளிக்கால். முழங்கால். சரக்!

"ஒண்ணு!" என்று மலர் எண்ணத் தொடங்கினாள்.

சரக்! "ரெண்டு!" நாலில் கொஞ்சம் ஆடினேன். பின்னால் சாயப் போன உடம்பை, கல்யாணப் பாயசத்தை நினைத்து முன்னால் இழுத்தேன். ஏழு! எட்டு! சரோஜா போர்வையை விட்டுவிட்டு எழுந்து நின்றாள். ஒன்பது! சம்பந்தி முகத்தில் சிரிப்பு இல்லை. இதைப் பார்க்கத்தானய்யா பதினோரு வருடம் காத்திருந்தேன்!

"பத்து!"

பத்தாவது திருப்பத்திலேயே வேகத்தைக் கொன்று, பூப்போல வந்து சம்பந்திக்கு எதிரே நின்றேன். நின்றேன் என்றால், முழுசாக நின்றேன். நெஞ்சை நிமிர்த்தினேன்.

கட்டையின் நுனி மட்டும் மெதுவாக நகர்ந்து அவர் பூட்ஸில் தட்டியது.

அவ்வளவுதான். கால் பட்டுவிட்டது.

கட்டை காலில்தானே மாட்டியிருக்கிறது. அப்போது அது காலா, இல்லையா? இதையெல்லாம் யோசித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அறுபத்தாறு வருடமாக யார் மேல் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட கை இது. பஸ்ஸில் பட்டாலும் ஒற்றும். புத்தகத்தில் பட்டாலும் ஒற்றும். என்னைக் கேட்டுக்கொண்டா செய்கிறது? அதுபாட்டுக்குச் சம்பந்தி காலைத் தொடக் கிளம்பிவிட்டது.

உடம்பு குனிந்தது. பூட்ஸ் குனியவில்லை. கட்டை இரண்டும் பின்னால் வழுக்கிக்கொண்டு போயின.

நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். முகம் பனியில். இரண்டு கையும் தலைக்கு மேலே நீட்டி. விரல் நுனி சரியாக அவர் பூட்ஸில்.

அவர் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிரிக்கவில்லை. அவருக்கும் ஒரு கை இருக்கிறதே! காலில் ஒருவன் விழுந்தால் தானாக உயர்கிற கை. போன் ஒரு கையில், மறு கை என் தலைக்கு மேலே.

"நல்லா இருங்க... நல்லா இருங்க சம்பந்தி... எந்திரிங்க!"

எட்டு மாதம் இளையவர்!

வாயிலிருந்த பனியைத் துப்பிவிட்டு, "கால் பட்டுடுச்சுன்னு தொட வந்தேன்யா!" என்றேன்.

"பரவால்ல, பரவால்ல. எதுக்கு இதெல்லாம்?" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். உண்மையிலேயே உருகிப்போய்விட்டார் மனுஷன்!

சரோஜா தள்ளி நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய விதத்தில் அது அழுகை இல்லை என்று தெரிந்தது.

"அதைப் போடாதீங்க" என்றேன்.

"அதெப்படி? பத்தும் விழாம வந்தீங்க. பதினொண்ணாவதுதான் கணக்குல இல்ல. பட்டாளத்துக்காரன் வாக்கு!"

முழுசாகத்தான் போட்டார். ஒரு திருப்பத்தைக்கூட வெட்டவில்லை. அதில் குறை சொல்ல முடியாது. பார்க்கிறவர்கள்தான் பத்துத் திருப்பத்தையும் தள்ளிவிட்டுக் கடைசிக் காட்சிக்கு ஓடுகிறார்கள்.

ஊர் திரும்புவதற்குள் ஹமீது பாய் போன் பண்ணிவிட்டார். "பழசையெல்லாம் மறந்து சம்பந்தி கால்ல விழுந்துட்டீங்களாமே! மாஷா அல்லாஹ், எவ்ளோ பெரிய மனசுண்ணே உங்களுக்கு!"

நான் எதையும் மறக்கவில்லை என்று சொன்னேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

வந்து பத்து நாள் ஆகிறது. கோயிலில் குருக்கள் கையைப் பிடித்துக்கொள்கிறார். உரக்கடைக்காரர் அவருடைய மச்சானுக்கு என்னை உதாரணம் காட்டுகிறார். இனிமேல் நான் சம்பந்தியிடம் முறைத்தால் ஊரே என்னைத்தான் திட்டும். பதினோரு வருடமாகக் கட்டிக் காத்த பகை ஒரு பூட்ஸ் நுனியில் போயிற்று.

ஆனால் ஒன்று, சம்பந்தி சொன்ன சொல் தவறவில்லை. பழைய வீடியோவை இப்போது எவனும் பார்ப்பதில்லை.