லொறிக்குக் குளிர் விட்ட கதை

உருத்திரபுரம்,
மார்கழி, மழை விட்ட ஒரு காலை.

அன்பு மச்சான் குகதாசனுக்கு,

உமது அக்கா அழகம்மாவும் மகள் ராஜினியும் நானும் இங்கு ஈரமாக, மற்றபடி சேதமின்றி இருக்கிறோம். கனடாவில் நீரும் குடும்பமும் உறைந்து போகாமல் இருக்க ஆண்டவனை வேண்டுகிறோம். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீர் இடையில் புகுந்து புத்தி சொல்லுவீர். கடிதத்தில் அந்த வசதி உமக்கில்லை.

விஷயம், போன முறை வந்தபோது நீர் ஏலத்தில் எடுத்து எங்கள் வளவில் விட்டுப்போன பழைய ஆமி லொறி பற்றியது. பட்டாளத்திடம் போன பொருட்களில் எங்கள் பக்கத்துக்குத் திரும்பி வருபவை குறைவு. ஆகவே வந்ததை மரியாதையாகவே வைத்திருந்தோம். பச்சைக்கு மேல் நீலம் பூசினோம். ஆனாலும் அந்த எஞ்சின் சத்தம் வீதியில் கேட்டால் அடையாள அட்டையைத் தேடுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கோடையில் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. மாரியில் விடியற்புறம் சற்றுக் குளிர்ந்தால் எழும்பாது. உறைபனியில் போருக்குப் போகவென்று செய்த வண்டி, எங்கள் மார்கழிக்கு இழுத்துப் போர்த்துக்கொண்டு படுத்துவிடும்.

முறையிட்டேன். நீர் இரண்டு வைத்தியம் சொன்னீர். ஒன்று, வண்டியிலேயே இருக்கிற ஹீற்றர்: சுவிச்சை அமத்தினால் எஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாய்க்குள் ஒரு கம்பிச்சுருள் சிவந்து காற்றைச் சூடாக்கும். மற்றது, சொக்கிளேற் பெட்டிக்குள் ஒளித்து நீர் அனுப்பிய ஸ்பிறே: அதே குழாய்க்குள் அடித்தால் எஞ்சின் உடனே பற்றிக்கொள்ளும். இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கவே கூடாது என்று எனக்கு மூன்று தரம் சொன்னீர். பக்கத்துக் காணி நேசமலருக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

நேசமலரை உமக்குத் தெரியும். பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடின மோட்டார் சைக்கிள்களுக்கெல்லாம், மற்றவன் உதைக்க உதைக்க, சேலைன் போத்தலிலிருந்து இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி உயிர் கொடுத்தவா. முன்னுக்கு ஒரு ஆள் நின்று எதையாவது காட்டாமல் ஒரு வண்டி ஸ்ராட் வரும் என்பதை அவா இன்றைக்கும் நம்பமாட்டா.

இப்ப விஷயத்துக்கு வாறன். ராஜினிக்கு முள்ளிவாய்க்காலில இருந்து ஒரு சம்பந்தம். முந்தி ரெண்டு இடம் வந்து, தேத்தண்ணி குடிச்சுப் போனதோட சரி. இதுவும் சரிவராட்டி இனி ஒருதரையும் கூட்டிவரவேண்டாம் எண்டு அவள் தாயிட்டைச் சொல்லிப்போட்டாள். மாப்பிள்ளை மதுசனும் தாய் விமலேஸ்வரியும் போன கிழமை ஒரு பின்னேரம் வந்தவை, மழை பிடிச்சு, றோட்டில வெள்ளம் ஏறி, எங்கட வீட்டிலயே தங்கவேண்டியதாப் போச்சு. தாய் அதிகம் கதையாத மனுசி. பெம்பிளையைப் பாத்தா, "போய்ச் சொல்லுறம்" எண்டா, அவ்வளவுதான். காலமை அந்த வெள்ளத்துக்குள்ளால பஸ் றோட்டுக்குப் போக எங்கட லொறியாலதான் ஏலும் எண்டு நான் பெருமையாச் சொல்லி, ஏறி இருந்து, ஹீற்றரை அமத்தி, கம்பி சிவக்கட்டும் எண்டு பொறுமையா இருக்கிறன். நான் சும்மா முழிச்சுக்கொண்டிருக்கிறன் எண்டு நேசமலர் பாவம் பாத்து, முன்னுக்கு வந்து, பம்பரில கிடந்த ஸ்பிறேயை எடுத்து, ரெண்டு சொட்டுக் கணக்கெல்லாம் மறந்து அரை டின்னைக் காத்துக் குழாய்க்குள்ள அடிச்சிருக்கிறா. உதவிகள் ஒண்டையொண்டு கேளாமல் வந்து சேருறது எங்கட பக்கத்துக்குப் புதிசில்லை. நான் சாவியைத் தொடவே இல்லை மச்சான். வெடிச்ச வெடியில காத்து வடிகட்டியின்ர மூடி கூரைக்கு மேலால போய்க் கிணத்தடியில விழுந்துது. விழுந்தது மூடி மட்டுமில்லை. முத்தத்தில நிண்ட அத்தனை பேரும் குப்புற. ஒருதரும் யோசிச்சு விழேல்லை, உடம்புக்கு வழி தெரியும். பட்டுச்சீலையோட சேத்துக்குள்ள விமலேஸ்வரி, அவாக்குக் குடை பிடிச்சு நிண்ட ராஜினி, பின் ரயரோட ஒட்டிக்கொண்டு மாப்பிள்ளை. வீதியால போன மனுசன் சைக்கிளோட வாய்க்காலுக்குள்ள. பிறகு நேசமலர் தலையைத் தூக்காமலே கேட்டா:

"அண்ணை, அடுத்தது வருமோ?"

"இல்லை. ஒண்டுதான்."

அதுக்குப் பிறகும் உடன ஒருதரும் எழும்பேல்லை.

பிறகாவது சிரிப்பு வந்திருக்கவேணும். வரேல்லை. விமலேஸ்வரி எழும்பி, முகத்துச் சேத்தை வழிச்சு, வாய்க்காலுக்குள்ள விழுந்த மனுசன் கொண்டுவந்த உழவு மெசினில மகனோட ஏறிப் போட்டா. கிழமை ஒண்டாகுது, ஒரு ரெலிபோன் கோலும் இல்லை. ராஜினி குசினியை விட்டு வெளியில வாறாளில்லை. அழகம்மா உம்மைப் பற்றிச் சொல்லுறதுகளை நான் இதில எழுதேல்லை.

ஆகையால், லொறியை நாளைக்குப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கத் தீர்மானித்துள்ளேன். இனி ஸ்பிறேயோ புத்தியோ அனுப்ப வேண்டாம். உமது பிள்ளைகள் நோய்நொடியின்றி, எந்த வெடிச் சத்தத்துக்கும் வெறுமனே திரும்பிப் பார்க்கிறவர்களாக வளர எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அத்தான் வீரபாகு

பி.கு.: உறையை ஒட்டப்போக விமலேஸ்வரி கோல் எடுத்தா. "விழுந்தாப் பிறகுதான் முதுகில பாரம் தெரிஞ்சுது. உங்கட பிள்ளை என்னை மூடிக்கொண்டு கிடந்தவள். அந்த நாளையில நான்தான் மற்றவைக்கு மேல கிடந்தனான். என்னை ஒருதரும் மூடேல்லை. தையில நாள் பாருங்கோ" எண்டா. பெம்பிளை அந்த லொறியிலதான் வரவேணுமாம். இரும்புக்காரரை வரவேண்டாம் எண்டிட்டன். ஸ்பிறே ரெண்டு டின் கெதியா அனுப்பும், தையிலும் விடியக் குளிர்தான். ஹீற்றர் வயரை வெட்டிப்போட்டன். நேசமலர் இப்பவே லொறிக்கு முன்னுக்கு வந்து நிக்கிறா.