நாலாவது சிலிண்டரும் என் மூக்குக்கண்ணாடியும்

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் அக்காள் வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் உங்கள் அக்கா நலம், நான் அரை நலம், நீங்கள் எனக்குக் கொடுத்த அந்தப் பழைய சிவப்பு ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் நலமில்லை. அவ்விடம் இரட்டைக் குழந்தைகளும் அவர்கள் அம்மாவும் சௌக்கியம் என்று நம்புகிறேன். ஏழு மாதமாக நீங்கள் இந்தப் பக்கமே வராததால் நம்பத்தான் முடிகிறது.

அதற்குக் காரணம் என் வாய். உங்கள் மாமனார் உட்பட பதினெட்டு பேர் சாப்பிட உட்கார்ந்த இடத்தில், "செத்த எஞ்சினை என் தலையில கட்டிட்டீங்க" என்றேன். நீங்கள் பாதியில் எழுந்து, கை கழுவி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். குழந்தைகளோடு நாலு பேர் அந்த வண்டியில் அடங்கமாட்டார்கள் என்பதற்காக மட்டுமே, "உங்களைத் தவிர யாருக்கும் குடுக்க மாட்டேன் அத்தான்" என்று மனசில்லாமல் சாவியை நீட்டியவரை அப்படிக் கேட்டுவிட்டேன்.

வண்டி என்னிடம் மூன்று வாரம் நன்றாகத்தான் ஓடியது. ரிடையர் ஆனவன் சும்மா இருந்திருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி, ஸ்பார்க் பிளக்கையெல்லாம் கழற்றித் துடைத்து மாட்டினேன். மறுநாளிலிருந்து எஞ்சின் இருமியது, மேட்டில் ஏற மறுத்தது. பழியை உங்கள் மேல் போட்டேன், உறையை வண்டி மேல் போட்டேன்.

போன வாரம்தான் மனசு கேட்காமல், பழைய வண்டிகளையே பார்க்கிற மெக்கானிக்கிடம் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். நான் சொன்ன கதை எதையும் அவர் காதில் வாங்கவில்லை. மீட்டர் வைத்துக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், அளந்தார், மூன்று சிலிண்டர் கல் மாதிரி இருக்க, நாலாவது படுத்துவிட்டது. அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளந்தார், முள் ஏறவில்லை. ஏறியிருந்தால் பிஸ்டன் ரிங் தேய்மானமாம், அதாவது உங்கள் காலத்துக் கோளாறு. ஏறாதா என்று நான் ஆசையோடு நின்றதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. பிறகு பிளக் துளை வழியாகக் காற்றடித்து, என்னைப் பின்னால் போய்ப் புகைக்குழாயில் காது வைக்கச் சொன்னார். உஸ்ஸென்று சத்தம். வால்வு மூடவில்லை என்றார். எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றி, வால்வு விளிம்பைப் பொக்கையாக்கியிருந்த ஒரு பொடி சாமானை எடுத்து, காதெல்லாம் கரியாக நின்ற என் உள்ளங்கையில் வைத்தார். மூக்குக்கண்ணாடித் திருகாணி. "சார், இது எஞ்சின் சாமான் இல்ல" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிளக் துடைத்த வாரத்திலிருந்து என் கண்ணாடியின் ஒரு காம்பு நூலில்தான் தொங்குகிறது.

மச்சான், வால்வு மாத்தியாச்சு, வண்டி ஓடுது. சொன்ன வார்த்தையைத்தான் கழட்டி மாத்த முடியல. உங்க அக்கா எங்கிட்ட "சாப்பாடு ரெடி"ன்னு மட்டும்தான் பேசறா. ஞாயித்துக்கிழமை வாசல்ல எந்த வண்டி நின்னாலும் எட்டிப் பாக்கறா. அதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல. தப்பு முழுக்க என்னோடது. மன்னிச்சு, இந்த ஞாயித்துக்கிழமை வந்துடுங்க.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள். மாமனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லி, இந்தக் கடிதத்தை அவர் முன்னிலையில் உரக்கப் படித்துக் காட்டவும்.

இப்படிக்கு,
வாய் நீண்ட அத்தான்

பி.கு.: கடித உறையை ஒட்டும் முன் அந்தத் திருகாணியைக் கண்ணாடிக் கடையில் கொடுத்து மாட்டச் சொன்னேன். என் கண்ணாடித் துளைக்கு அது தடிமனாம், என்னுடையதே இல்லையாம். வருஷக்கணக்காக பிளக் குழியில் கிடந்து, நான் கழற்றியபோது உள்ளே விழுந்திருக்கும் என்கிறார் மெக்கானிக். இதைச் சொன்னதும் உங்கள் அக்கா ஏழு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். "தம்பி கண்ணாடியும் ரெண்டு வருஷமா நூல்லதானே நிக்குது" என்றாள். உள்ளே தள்ளிய கை என்னுடையதுதான், அதனால் மன்னிப்பு அப்படியே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியைப் போட்டுக்கொண்டே வாருங்கள். மாமனாரிடம் படித்துக் காட்டுவதை மட்டும் அதுவரை ஒத்திவையுங்கள்.