ஒரு ரோல் பாஸ்வேர்டு

தனியாக இருப்பவனுக்கு மூளை கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்யும். பக்கத்தில் உட்கார்ந்து, "ஏனுங்க, இது சரியா வருமா?" என்று கேட்க ஆள் இருக்காது, பாருங்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். (வெளிநாட்டுக்காரரின் கோபத்தைத் தையல்காரருக்கும், தையல்காரரின் கோபத்தை வெளிநாட்டுக்காரருக்கும் பக்குவமாக மாற்றிச் சொல்லும் உத்தியோகம்.) ஊருக்குள்ளேயே நல்லூரில் ஒற்றை அறை. மனைவி கோகிலாவும் மகளும் ராசிபுரத்தில், மாமனார் வீட்டில். இங்கே ஒரு வீடு பிடித்து இருவரையும் அழைத்துக்கொள்ள வேண்டும் என்று அட்வான்ஸுக்குச் சேர்த்துக்கொண்டிருந்தேன். சேர்ந்தது போதவில்லை. அதைக் கிரிப்டோ என்னும் இணைய நாணயத்தில் போட்டுப் பெருக்கலாம் என்று ஓர் இணையதள வாலட்டில் (பணப்பை என்று அர்த்தம்) வைத்தேன். கோகிலாவிடம் மூச்சு விடவில்லை. ஒரு நாள் வீட்டுச் சாவியை நீட்டி அசத்துவதாகத் திட்டம்.

அந்த வாலட் எனக்குப் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேலை முடிந்து வந்து திறந்தால் என் பெயரைச் சொல்லி வரவேற்கும். அந்த அறையில் என்னைப் பெயர் சொல்லி அழைத்தது அது ஒன்றுதான். போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து, விலை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பரோட்டா தின்பேன். துணைக்கு ஒருவர் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

பாஸ்வேர்டை எங்கே ஒளிப்பது என்பதுதான் கவலை. போனில் வைத்தால் திருடுவார்கள். காகிதம் தொலைந்துவிடும். அப்போதுதான் அந்த அபாரமான யோசனை வந்தது. பனியனின் உள்பக்கம், விலாவோரம், எப்படித் துவைக்க வேண்டும் என்று சொல்லும் சின்ன லேபிள் ஒன்று தைத்திருக்குமே, அதை இந்த உலகத்தில் யாரும் படிப்பதில்லை. அதில், உடுப்பின் மாடலைக் குறிக்கும் ஸ்டைல் நம்பர் போடும் இடத்தில் என் பாஸ்வேர்டை அச்சடித்துவிட்டால்? லேபிள் அச்சடிக்கும் ரஃபீக் பாயிடம் போய், ஒன்றே ஒன்று வேண்டும் என்றேன்.

"ஒண்ணுக்கெல்லாம் மெஷின ஓட்ட முடியாதுங்க. ஒரு ரோலா எடுத்துக்குங்க," என்றார்.

இப்படியாக, எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் ரோல் கணக்கில் தயாராகி வந்தது. குப்பையில் போடப் பயம். (குப்பை அள்ளுகிறவருக்குக் கிரிப்டோ தெரிந்திருந்தால்?) என் பனியன்களில் எல்லாம் தைத்தேன். மிச்சத்தைத் தலையணை உறைக்குள் திணித்து, அதன்மேல் தலை வைத்துத் தூங்கினேன். பனியனைத் துவைத்தும் பார்த்தேன். ஓர் எழுத்துகூட மங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாலட் திறக்கவில்லை. போட்டிருந்த பனியனைக் கழற்றி, லேபிளைப் பார்த்து எழுத்தெழுத்தாக அடித்தேன். பாஸ்வேர்டு சரிதான், அதை அடிக்க வேண்டிய தளம்தான் இல்லை. சிக்னல் கோளாறாக இருக்கும் என்று மொட்டை மாடிக்கு ஓடினேன். ஒரு கையில் போன், ஒரு கையில் பனியன், இடுப்புக்கு மேல் ஒன்றுமில்லை. அடுத்த மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள், மிச்சத் துணியோடு கீழே இறங்கிப் போய்விட்டார். அன்று நான் பார்த்த ஒரே மனித முகம் அதுதான். உதவி கேட்டு எழுதிய மெயில்கள் எல்லாம் அப்படியே திரும்பி வந்தன. தளத்துக்காரர்கள் பணத்தோடு கடையைக் கட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

வேறு வழியில்லாமல் கோகிலாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு கேட்டாள்.

"பணம் ஆருகிட்ட இருந்துச்சுங்க?"

"அவங்ககிட்ட."

"அதுக்குச் சாவி?"

அதுவும் அவர்களிடம்தான் என்றேன். என்னிடம் இருந்தது எட்டிப் பார்க்க உதவும் பாஸ்வேர்டு மட்டும்.

"அப்ப நீங்க எதைத்தானுங்க பனியன்ல தச்சு வெச்சிருந்தீங்க?"



அந்த ரோலின் மிச்சம் இப்போது ராசிபுரத்தில் இருக்கிறது. கோகிலா எதையும் வீணாக்க மாட்டாள். லேபிளின் பின்பக்கத்தில் பேனாவால் மகள் பெயரை எழுதி, யூனிபார்மில் எல்லாம் தைத்துவிட்டாள். மாமனாரின் மூக்குக் கண்ணாடி காணாமல் போனாலும், "மாப்பிள்ளை பனியன்ல தேடிப் பாருங்க" என்றுதான் அந்த வீட்டில் முதலில் சொல்வார்கள். அங்கே போகிற வாரங்களில் நானும் கூடச் சிரித்துவிட்டு, ஞாயிறு சாயங்காலம் திருப்பூர் பஸ் ஏறுவேன். வாடகைக்கு வீடு இன்னும் பிடித்தாகவில்லை.

போன வாரம் மகள் போனில் புகார் சொன்னாள். "அப்பா, உங்க பாஸ்வேர்டு இடுப்புல குத்துதுங்கப்பா."

லேபிள் குத்துகிறது என்று வெளிநாட்டிலிருந்து எழுதினால் பதில் மெயில் போட எனக்குத் தெரியும். இவள் வெளிநாட்டுக்காரி இல்லையே. போனை வைத்த பிறகு, அந்த ஒற்றை அறையில் உட்கார்ந்து நானும் என் விலாவைச் சொறிந்துகொண்டேன்.