சோளமாதாவுக்கு ஒரு நேர்த்தி

தெரியாது என்ற சொல்லை நான் மூன்று மொழியில் சொல்லுவேன். மாமியார் பக்கத்தில் நின்றால் மட்டும் ஒரு மொழியிலும் வாயில் வராது. (ஆண்களில் பாதிப்பேருக்கு இந்த வியாதி உண்டு. மற்றப் பாதிப்பேர் ஒத்துக்கொள்வதில்லை.) இது முற்றிப்போய்த்தான் ஸ்பெயினில் ஒரு கிழவியின் சொத்துக்கு நெருப்பு வைக்கப் பார்த்தேன்.

கலியாணம் கட்டிய இரண்டாம் வருடம் எனக்கு வேலை போனது. எட்டு மாதம் மொன்றியலில், லாசால் வீட்டில், சோபாவும் நானுமாகக் கிடந்தோம். மாமி மன்னார்க்காரி. மருமகனைத் திட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை. நேரே மாதாவிடம்தான் முறைப்பாடு வைப்பார். மடுமாதாவிடம் கேட்டுப் பார்த்தார், அசைவில்லை. ஸ்பெயினின் வடமேற்கில் ஒரு கடற்கரை ஊரில் கல்லால் கட்டிய சின்ன மாதா கோயில் இருக்கிறது, கேட்டது கிடைக்கும் என்று பங்குக் கோயிலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மருமகனுக்கு நிரந்தர வேலை கிடைத்தால் வெறுங்காலோடு நடந்துவந்து பன்னிரண்டு மெழுகுதிரி கொளுத்துவேன் என்று அங்கேயும் ஒரு நேர்த்தி வைத்தார். மூன்றாம் வாரம் எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

நேர்த்தி தவறினால் வேலையும் தவறிவிடும் என்பது மாமியின் உறுதியான நம்பிக்கை. எட்டு மாதமாக இழந்த மரியாதையை ஒரே பகலில் மீட்டுவிடலாம் என்பது என் நம்பிக்கை. இப்படியாக மாமி, மனைவி ரோஷினி, நான் மூவரும் அந்த ஊரில் போய் இறங்கினோம்.

"ஆரிட்டையும் கேப்பமே" என்றாள் ரோஷினி. பிரெஞ்சு தெரிந்தவனுக்கு ஸ்பெயினில் வழி தெரியாதா என்று நான் முன்னால் நடந்தேன். ஒரு பக்கம் கடலும் வள்ளங்களும். மறுபக்கம் வீட்டுக்கு வீடு உருளைக்கிழங்குப் பாத்தி, முட்டைக்கோவா, கோழிகள். மீன்வலையும் மண்வெட்டியும் ஒரே சுவரில் சாத்திக் கிடந்தன. கரையோரம் வரிசையாகக் குட்டிக் கல் வீடுகள். ஒவ்வொன்றும் கல் கால்களில் தூக்கி நின்றது, கூரை உச்சியில் சிலுவை இருந்தது.

எங்கள் கத்தோலிக்க ஊர்களில் தெரு மூலைக்கு மூலை மாதாவையோ அந்தோனியாரையோ வைத்த சுருவக்கூடு இருக்கும். எனக்கு அதற்குமேல் அத்தாட்சி தேவைப்படவில்லை. இருந்ததில் பெரியதைக் காட்டி, இதுதான் கோயில் என்று அறிவித்தேன்.

"கால் ஏன் தம்பி வைச்சிருக்கினம்?" என்று மாமி கேட்டார்.

"கடல் தண்ணி ஏறாமல் இருக்க, மாமி."

"சுவரெல்லாம் ஏன் கீறுகீறாய்க் கிடக்குது?"

"மெழுகுதிரிப் புகை வெளியாலை போக." (இவ்வளவு வேகமாகப் பதில் சொல்லத் தெரிந்தவன் எட்டு மாத நேர்முகங்களில் ஏன் திணறினேனோ.)

மாமி இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார். உள்ளே மஞ்சளாக ஏதோ மினுங்கியது. தங்கச் சுருவம் என்று விளக்கம் கொடுத்தேன். மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. பேருந்து நின்ற இடத்திலிருந்தே வெறுங்காலோடு வந்தவர், அந்தக் கூர்ங்கல்லிலேயே முழந்தாளிட்டார். மொன்றியலிலிருந்து காவி வந்த பன்னிரண்டு மெழுகுதிரியையும் இடுக்குகளுக்குக் கீழே வரிசையாகக் கொளுத்தினேன்.

உள்ளே வெங்காயம் மணக்கிறது என்று ரோஷினி முணுமுணுத்தாள். செபத்துக்குள் கதையாதே என்று அடக்கினேன். அவ்வழியே வந்த ஒரு சுற்றுலாத் தம்பதி எங்களைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். அதோடு எனக்கிருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது.

செபமாலையின் மூன்றாம் பத்தில் காற்றுத் திரும்பியது. ஒரு சுடர் சாய்ந்து இடுக்குக்குள் நுழைய, உள்ளேயிருந்து புகை வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஏப்ரன் கட்டிய ஒரு கிழவி இரண்டு வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். முதல் வாளி மெழுகுதிரிகளுக்கு. இரண்டாவது எனக்கு. (நெருப்பு ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.)

கிழவி சாவி போட்டுக் கதவைத் திறந்து காட்டினார். கூரைவரை சோளப்பொத்தி, ஒரு மூலையில் உருளைக்கிழங்கு, மேலே வெங்காயக் கோவை. விளைச்சலைக் காயவைக்கிற களஞ்சியம். எலி ஏறாமல் இருக்கத்தான் கால், காற்று நுழையத்தான் இடுக்கு, பயிரைக் காக்கத்தான் சிலுவை என்று கையாலேயே பாடம் எடுத்தார். அன்று எனக்குத் தெளிவாக விளங்கிய ஒரே ஸ்பானிஷ் அதுதான்.

மாமி சோளத்தைப் பார்த்தார். பிறகு மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட நின்ற என்னைப் பார்த்தார்.

"உங்கட வேலைக்கு நான் சோளத்துக்கு நன்றி சொல்லியிருக்கிறன், தம்பி."

வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்தது. ரோஷினி நிலத்தில் குந்தியிருந்து சிரித்தாள். உண்மையான கோயில் எங்கே என்று அவள்தான் கிழவியிடம் சைகையில் கேட்டாள். கிழவி எங்களுக்குப் பின்னால் கையை நீட்டினார். இருபது அடியில், சந்துக்கு அந்தப் பக்கம், ஒரு சின்னக் கல் கோயிலில் மாதா நின்றார். இவ்வளவு நேரமும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செபித்திருக்கிறோம்.

நனைந்த மெழுகுதிரிகளில் ஒன்றுகூடப் பற்றவில்லை. கிழவி மாமியின் முகத்தைப் பார்த்து இரங்கி மூன்று சோளப்பொத்தியை அவர் கையில் வைத்தார். மாமி அதையே மாதாவின் காலடியில் வைத்து, இருப்பதைத்தான் தருகிறேன், கோவிக்காதே தாயே என்றார்.

அடுத்த வருடமே அந்த நிரந்தர வேலை போனது. மாமி புது நேர்த்தி எதுவும் வைத்ததாகவும் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்து, வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், சோளப்பொரி அடைக்கிற தொழிற்சாலையில் என்னை எடுத்தார்கள். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன்.

சேதி சொன்னபோது மாமி சிலுவை போட்டுக்கொண்டார். "நேர்த்தி போன இடத்திலை இருந்துதானே தம்பி பதில் வரும்" என்றார்.

இப்போது எங்கள் சொந்தத்தில் யார் நேர்முகத்துக்குப் போனாலும், அன்று காலை மாமி ஒரு சோளப்பொத்தி அவித்துக் கொடுக்கிறார். சாப்பிட முதல் எல்லோரும் என் பக்கம் திரும்பி ஒருமுறை கும்பிட வேண்டும் என்பது ரோஷினி சேர்த்த விதி.