துண்டு மடிப்பில் என் பெயர்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும், எல்லாவற்றுக்கும் மேலாக என் பேத்தியும் (உங்களுக்கும் பேத்திதான், மறுக்கவில்லை) நலமாக இருக்க வேண்டுகிறோம். சென்ற மாதம் உங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது எங்களைத் தாங்கு தாங்கென்று தாங்கியதை என் மனைவி இன்னும் சொல்லி மாய்கிறாள். சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி தேவலையா? சந்தோஷம். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் மொட்டை மாடியில் குழந்தை துணிக்கொடிக்குக் கீழே உட்கார்ந்து, ஈரத் துண்டை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, இருக்கிற இரண்டு பல்லையும் காட்டிச் சிரிக்கிறாளே, அந்தப் படம் யாருடையது? என் கேமராவில் இருந்தது. அன்று மாடியில் சகட்டுமேனிக்கு அமுக்கித் தள்ளியவன் நான். ஊருக்கு வந்து குடும்பக் குழுவில் முதலில் போட்டவனும் நான். போட்டதும் எல்லோரும் 'அடடா' என்றார்கள். சம்பந்தி, நான் எடுத்த படத்துக்கு இதுவரை ஒருத்தரும் அடடா சொன்னதில்லை. 'தலை எங்கே?' என்றுதான் கேட்பார்கள். அந்த ஆனந்தம் ஒரு நாள் நீடித்ததா? மறுநாள் அதே படம் இணையத்தில் உங்கள் பக்கத்தில், 'நான் எடுத்த படம்' என்ற வாசகத்தோடு! நான் சண்டைக்காரன் இல்லை. ஆனால் வயிறு எரியுதே, என்ன பண்றது?

வாழ்நாளெல்லாம் அலுவலகத்தில் முத்திரை குத்தியே ஓய்வு பெற்றவன் நான் என்பது தாங்கள் அறிந்ததே. முத்திரை இல்லாத காகிதத்தை நான் நம்பியதில்லை. முத்திரை இல்லாத படத்தை மட்டும் எப்படி விட்டேன் என்று என்னையே நொந்துகொண்டு, எங்கள் தெரு ஸ்டுடியோக்காரரிடம் போனேன். அவர், "ஸார், இதுக்கு வாட்டர்மார்க்னு ஒண்ணு இருக்கு, படத்து மேலயே உங்க பேரைப் போட்டுடலாம்" என்று கணினியில் செய்யும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து, பழைய பழக்கத்தில், படத்தின் நட்டநடுவில் குறுக்காக என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக் குழுவில் ஏற்றினேன். உங்கள் வீட்டிலிருந்தே என் மகள் போன் போட்டாள். "அப்பா, குழந்தை ஜெயில் கம்பிக்குப் பின்னாடி இருக்கிற மாதிரி இருக்கு, முதல்ல அதை எடுங்க."

எடுத்தேன். அடுத்து சின்னதாக ஒரு மூலையில் போடலாம் என்று பார்த்தேன். வலது கீழ் மூலையில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு மங்கல் திட்டு, அழுக்கு மாதிரி. சரி, எதற்கும் உதவாத இடம்தானே என்று அதன்மேல் என் பெயரை உட்கார வைத்தேன். மாப்பிள்ளை ஆசையாக அதைத் தன் போனில் முகப்புப் படமாக வைத்தாராம்; போன் தன் அளவுக்கு வெட்டிக்கொண்டதில் மூலையும் போச்சு, என் பெயரும் போச்சு. அவரைக் குறை சொல்லவில்லை. தங்கமான பிள்ளை, உங்களிடம் வளர்ந்தும்.

மூலைதானே வெட்டுப்படுகிறது, வெட்டவே முடியாதபடி படம் முழுக்கப் போட்டால்? பொடிப்பொடியாக, வெளிறிய சிவப்பில், நூற்றுக்கணக்கில் என் பெயரைத் தூவினேன். அன்று மாலையே என் அக்கா அழுதுகொண்டே கூப்பிட்டாள், "ஏன்டா, குழந்தைக்கு அம்மை போட்டிருக்கு, ஒரு வார்த்தை சொல்லலியே!" நான் விளக்கம் சொல்வதற்குள் உறவுக்காரர்கள் பாதிப் பேருக்குச் செய்தி போய்விட்டது. அந்தப் பக்கம் உங்களுக்கு வந்த விசாரிப்புகளுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுபடி ஸ்டுடியோ. அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஸார், கண்ணை உறுத்தவும் கூடாது, திருடன் அழிக்கவும் முடியக் கூடாது. படத்தோட படமா கலந்துடணும்." புரிந்துவிட்டது! இரண்டு நாள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து உட்கார்ந்து, குழந்தையின் தலையிலிருக்கும் துண்டின் மடிப்புக்குள், துண்டின் நிறத்திலேயே, நூலோடு நூலாக என் பெயரை இழைத்தேன். பிரமாதம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டப் போனேன். பெயரைக் காணோம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன், எந்த மடிப்பு என்றே மறந்து தொலைந்தது. அவள் நிதானமாக, "தெரியக் கூடாதுன்னீங்க. தெரியல. அப்புறம் எதுக்குத் தேடறீங்க?" என்கிறாள். இவளோடு எப்படித்தான் குப்பை கொட்டுகிறேனோ!

பெயர் இல்லாவிட்டால் என்ன? அந்த அழுக்குத் திட்டு இருக்கிறதே! என் படத்திலுள்ள அதே திட்டு, அதே மூலையில், உங்கள் பக்கத்திலுள்ள படத்திலும் இருக்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆகவே சொல்கிறேன், அது நான் எடுத்த படம் என்று தாங்கள் குடும்பக் குழுவில் நாலு பேர் அறிய எழுத வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாரம் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு நான் வருவதாக இல்லை. என் மனைவி வருவாள். இப்போதே பெட்டி கட்டிவிட்டாள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசிகள். குழந்தைக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். தங்களுக்கு, முறைப்படி, மரியாதை.

இப்படிக்கு,
தங்கள் பேத்தியின் இன்னொரு தாத்தா

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அந்தத் திட்டைப் பெரிதாக்கிச் சாட்சியாக இணைக்கலாமென்று ஸ்டுடியோவுக்குப் போனேன். அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஸார், இது அழுக்கு இல்ல, விரல். பச்சைக்கல் மோதிரம் போட்ட விரல்" என்றார். என் பத்து விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் மோதிரமே போடுவதில்லை. வீட்டுக்கு வந்து சொன்னால் இவள், "சம்பந்தி கையில பச்சைக்கல் மோதிரம் இருக்கே! நீங்கதானே அன்னிக்குக் கேமராவை அவர் கையில திணிச்சிட்டுப் பால் பாட்டில் எடுக்கக் கீழ ஓடினீங்க" என்கிறாள். ஆமாம், ஓடினேன். திரும்பி வந்தபோது துண்டு மறுபடி கொடியில் இருந்தது. குழந்தை அப்படிச் சிரித்ததை நான் பார்க்கவே இல்லை சம்பந்தி, படத்தில்தான் பார்த்தேன்.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "அப்படியே அனுப்புங்க, அதுதான் உங்களுக்குச் சரி" என்று பிடுங்கிக்கொண்டாள். ஆகவே மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம், படித்திருந்தால் மறந்துவிடவும். பிறந்தநாளுக்கு நானும் வருகிறேன், கேமராவும் வருகிறது. இந்தத் தடவை பால் பாட்டிலுக்கு வேறு யாராவது போகட்டும். குழந்தையை நான் வைத்துக்கொள்கிறேன், அவள் சிரிப்பதை நேரில் பார்க்க வேண்டும். படத்தை நீங்களே எடுங்கள். விரலை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.