மூன்று அடுக்குச் சதுப்பு

நகரத்தின் வடக்கே கிடந்த கறுப்புச் சதுப்பு நிலத்தை ஒரே வாரத்தில் மூன்று துறைகள் கேட்டன. செடிகள் செத்து, மக்காமல், தண்ணீரில் ஊறி ஊறி ஆள் ஆழத்துக்குச் சேர்ந்த நிலம் அது. அந்தச் சேறு காய்ந்தால் கரி போல எரியும் என்பதால் சுரங்கத் துறை கேட்டது. தேங்கிய நீரைக் குடிநீர் வாரியம் கேட்டது. மேலே படர்ந்த பாசியையும் கொக்குகளையும் இயற்கைப் பாதுகாப்புத் துறை கேட்டது.

நிலத் திட்ட அதிகாரி யார் மனமும் நோகப் பொறுக்காதவர். நிலத்தைப் படுக்கைவாட்டில் பிரித்தார். மேல் அரையடி பாதுகாப்புக்கு, இடையிலுள்ள நீர் வாரியத்துக்கு, அடிச் சேறு சுரங்கத்துக்கு.

இருபது வருஷமாக முழங்கால் சேற்றில் நின்று அளந்த சர்வேயர் அம்மாவுக்குத் தலை சுற்றியது.

"சார், அடியில தோண்டினா மேல இருக்கிறது எங்க நிக்கும்?"

"அதுக்குத்தான் எல்லைக் கல் நட்டிருக்கோமே."

"கல்லும் சேர்ந்து இறங்கிடும் சார்."

"எல்லாம் ஒரே அளவா இறங்கினா அதுக்குப் பேர்தாம்மா சமநிலை. கையெழுத்துப் போடுங்க."

போட்டார். ஓய்வுக்கு நாலு வருஷம் பாக்கி.

வாரியம் உறிஞ்சியது, சுரங்கத் துறை தோண்டியது. கோடையில், காய்ந்த சேறு உள்ளுக்குள்ளேயே கனன்றது. தீயணைப்பு வண்டி வந்தது. தீ சுரங்க அடுக்கில், புகை பாதுகாப்பு அடுக்கில். யார் கூப்பிட்டதாக எழுதுவது என்று தெரியாமல் திரும்பிப் போனது. பாதுகாப்புத் துறை சும்மா இருக்கவில்லை. 'இங்கு புகை பிடிக்காதீர்' என்று பலகை வைத்தது.

சர்வேயர் அம்மாவின் மகளுக்கு இருமல் நிற்கவே இல்லை. தன் கையெழுத்து அவரைத் தூங்க விடவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கி, முந்நூறு பேரைத் திரட்டிக்கொண்டு, தீயை அணைக்கக் கேட்டு அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

அதிகாரி எழுந்து கும்பிட்டார். "உங்க கோரிக்கை நூத்துக்கு நூறு நியாயம். வாரியத் தண்ணிய மூணு மாசம் சதுப்புக்கே திருப்பி விட்டா தீ அணைஞ்சிரும். அதுவரைக்கும் உங்க குழாயில ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணி. சம்மதிக்கிறவங்க இதுல கையெழுத்துப் போடுங்க."

கோஷம் பாதியில் நின்றது.

"மேட்டுத் தெருக்காரங்க தோட்டத்துக்கே விடுறாங்க, அவங்களைக் கேளுங்க" என்றார் ஒருவர்.

"எங்க வீட்டுத் தொட்டி ரொம்பச் சின்னது" என்றார் மேட்டுத் தெருக்காரர்.

ஐந்தே நிமிடத்தில் கூடம் காலி. சர்வேயர் அம்மா மட்டும் பேனாவைத் திறந்தார். போன் அடித்தது. மகள்.

"அம்மா, தண்ணி வருது. துணியெல்லாம் ஒரே கரி. மோட்டார் போடட்டுமா?"

அவர் காகிதத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

"போடு. தொட்டி வழியிற வரைக்கும் நிறுத்தாத."

அவர் படியிறங்கியதும் அதிகாரி கோப்பில் எழுதினார்: 'பொதுமக்கள் கருத்துக் கேட்கப்பட்டது. தற்போதைய நிலை தொடர ஆட்சேபம் இல்லை.'